வடக்கே போனவன்

கனகாம்பாள் மூன்றாவது முறையாகத் துணியைப் பாலில் நனைத்துப் புருஷனின் உதட்டோரம் பிழிந்தாள். அருணகிரி வாயை இறுக்கிக்கொண்டார். பால் தாடை வழியாக ஓடித் தலையணைக்குள் போனது.

“ராஜவேலு நைனா, வாயத் தொறங்க. ஒரே ஒரு மடக்கு.”

கண் மட்டும் திறந்தது.

“எனக்கு இன்னாத்துக்கு அண்ணி பாலு? அருணகிரி வரட்டும்.”

பேசத் திறந்த வாய் பாலைக் கண்டதும் மூடிக்கொண்டது.

மூன்று வருடமாக இதே கூத்துதான். முதலில் மகன் ராஜவேலுவின் பெயர் மறந்தது, அப்புறம் படகுத்துறைக்குப் போகும் வழி மறந்தது. வயசானால் வருகிற மறதிதானே என்று கனகாம்பாளும் சிரித்துச் சமாளித்தாள். ஒரு நாள் காலையில் வாசலில் நின்றுகொண்டு, “அண்ணி, அருணகிரி எழுந்துட்டானா?” என்று கேட்டார் பாருங்கள், அன்றைக்குத்தான் அவளுக்கு இது வெறும் மறதி இல்லை என்று புரிந்தது. அதிலிருந்து அவர் தணிகாசலம். அருணகிரியோடு ஒரே படகில் தொழில் செய்த தணிகாசலம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, உடம்புகூடக் கிடைக்காமல் போனவன்.

பெயரோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். ஆம்பளை இல்லாத வீட்டுக்குள் வர மாட்டேன் என்று சொந்த வீட்டு வாசல் மணலிலேயே உட்கார்ந்துகொண்டார். சோறும் அங்கே, படுக்கையும் அங்கே. கிழிந்த வலையை மடியில் போட்டு இடக்கையால் முடிச்சுப் போட்டார். தணிகாசலம் பீச்சாங்கைக்காரன். அருணகிரிக்கு இடக்கையில் வலை ஊசி பிடிக்கவே வராது. அந்த விரல்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவள், கொண்டுவந்த சோற்றை மணலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செத்தவன் ஏறிக்கொண்டான் என்று காட்டுப்பள்ளி ஊர் முழுக்கப் பேச்சு. எண்ணூரில் அனல்மின் நிலையம் கட்டும் வேலையில் இருந்த ராஜவேலு அப்பனை மெட்ராசுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். மூளை சுருங்கிவிட்டது, மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பேயோ மூளையோ, கனகாம்பாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போகும்போதாவது அந்த மனுஷன் அவராகவே போகவேண்டும். தன் கையால் ஒரு வாய்ப் பால் குடித்து, ‘கனகு’ என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

எழுந்திருக்க முடியாமல் போன பிறகுதான் அவரை வாசலிலிருந்து தூக்கிவந்து உள்ளே கிடத்தினார்கள். காலையிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இனி வெட்கம் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட வாயில் வராத பெயரை அவள் அன்றைக்குச் சொன்னாள்.

“அருணகிரி!”

கால்மாட்டில் நின்ற ராஜவேலு திடுக்கிட்டுத் திரும்பினான். கிடந்தவர் மெதுவாக வாசல் பக்கம் கண்ணைத் திருப்பினார், யாரோ வருகிறார்கள் என்பதுபோல.

வாசலில் செல்லியம்மாள் நின்றிருந்தாள்.

தணிகாசலத்தின் பெண்சாதி. நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். ஆனாலும் அருணகிரி தன்னைத் தணிகாசலம் என்று சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. படகு கவிழ்ந்த அன்று கரையேறி வந்த அருணகிரிதான் அவளிடம், “அவன் வடக்கால நீந்திக்கினு போனத எங்கண்ணால பார்த்தேன் செல்லி. ஆந்திரா பக்கம் எங்கியாச்சும் கர ஏறியிருப்பான். வந்துருவான்” என்று சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பி அவள் இருபத்திரண்டு வருடம் பொட்டு வைத்தாள்.

“வா செல்லி” என்றாள் கனகாம்பாள். நகர்ந்து இடம் விட்டாள்.

செல்லியம்மாள் உள்ளே வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

“யாருன்னு தெர்தா?”

“இன்னாமே இப்டி கேக்கற? கட்னவள தெரியாதா?” அவர் மூச்சு வாங்கினார். “ரொம்ப நாள் ஆயிட்ச்சி. ஊடு வர லேட்டாயிட்ச்சிமே.”

ராஜவேலு ஏதோ சொல்ல வந்தான். கனகாம்பாள் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

“வடக்காலயா போன?” என்றாள் செல்லியம்மாள்.

“வடக்காலயா? நா எங்கமே போனேன். அங்கியேதான். படக புடிச்சிக்கினு அருணகிரி மேல இருந்தான். நா அவங்கைய புடிச்சிக்கினு கீழ இருந்தேன்.” இடக்கை பாயைப் பிறாண்டியது. “வுட்டுட்டான். அவன வையாத. வுடலன்னா ரெண்டு பேருந்தான் போயிருப்போம்.”

வெளியே யாரோ கருவாட்டிலிருந்து காக்கையை விரட்டும் சத்தம் கேட்டது.

செல்லியம்மாள் அழவில்லை. கனகாம்பாளின் கையிலிருந்த துணியைக் கேட்காமலே வாங்கிப் பாலில் தோய்த்தாள்.

“இந்தா, குடி.”

வாய் திறந்தது. ஒரு மடக்கு உள்ளே போனது. இரண்டாவது மடக்கு உள்ளே போகாமல் கடைவாயிலேயே நின்றது.

கனகாம்பாள் பால் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அலறினார்கள். அவளுக்கு அழுகை வரவேண்டும், வரவில்லை. தன் வீட்டில் யாரோ ஒருத்தர் செத்துப்போனார் என்றுதான் இருந்தது, அந்த நினைப்பே பயமாகவும் இருந்தது.

தொழில் செய்தவன் உடம்பைக் குளிப்பாட்ட முதல் குடம் ஏரித் தண்ணீர் கொண்டுவர வேண்டும், அதுவும் பெண்சாதி மொள்ள வேண்டும். உச்சி வெயிலில் பெண்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முழங்கால் ஆழத்தில் அவள் குனிந்து குடத்தைச் சாய்த்தபோது பக்கத்தில் தண்ணீர் அலம்பியது. செல்லியம்மாள் தலைமுழுக முங்கி எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அவளைத் தடுப்பதா, அவளுக்காக அழுவதா என்று கூட வந்த பெண்களில் ஒருத்திக்கும் புரியவில்லை. யாரையும் பார்க்காமல் அவள் கரையேறிப் போனாள்.

“உனக்கு பொட்டு எடுக்கறது பத்தாம் நாளுதான் கனகு” என்றாள் ஒருத்தி மெதுவாக. “வா, மொண்டுக்கினு போலாம். ஒடம்பு காத்துங்கெடக்குது.”

கனகாம்பாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பொட்டு ஈரமாக விரலில் ஒட்டியது. குடம் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தூக்காமல், வடக்கே விரிந்து கிடந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.