‘ம்’ எதில் சேர்த்தி?

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் கைப்பேசி ஏதோ கேட்டது. ‘ம்’ என்றேன். ‘எதுவும் காதில் விழவில்லை’ என்றது. கொழுப்பைப் பாருங்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘பேச்சை ஆராயும் மென்பொருள்களைச் சிறிதாக்க வேண்டியது இன்றைய காலகட்டத்தின்...’

தூங்கிவிடுவீர்கள். வேண்டாம்.

2.

ஒரு தங்கை. பேச்சைப் புரிந்துகொள்ளும் பெரிய மென்பொருளைக் கைப்பேசிக்குள் அடங்கும்படி இளைக்க வைப்பதுதான் அவளுக்கு வேலை. அவளுடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மிச்சம் ‘ம்’ ஒன்றுதான். ஏற்றிச் சொன்னால் ‘என்ன?’, இறக்கினால் ‘சரி’, இழுத்தால் ‘வலிக்கிறது’. (எனக்கும் இப்படி ஒரு மாமா உண்டு என்று எழுதினேன். பொய். அடித்துவிட்டேன்.)

அண்ணிக்கு அத்தனையும் புரியும். ஆனால் திங்கட்கிழமை முதல் அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். வீட்டில் அண்ணனும் ஒரு பழைய கைப்பேசியும்தான். அவருக்கு வலித்தால் அது அண்ணியை அழைக்க வேண்டும். அங்கே இணையம் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே கைப்பேசி தன் புத்தியிலேயே பிழைத்தாக வேண்டும்.

3.

தங்கை மென்பொருளை வெட்டத் தொடங்கினாள். ஆயிரக்கணக்கான வார்த்தைகளைப் பத்திரப்படுத்தினாள். மூச்சு, முனகல், இரைச்சல் எல்லாவற்றையும் கழித்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

“அண்ணா, ஏதாவது சொல்லு.”

“ம்ம்ம்.”

திரையில் வந்தது: பேச்சு எதுவும் இல்லை.

[இங்கே அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். இல்லை, திட்டினாள்.]

“மடச்சி! இது பேச்சில்லன்னா வேற எது பேச்சு?”

அண்ணி எட்டிப் பார்த்தாள். “யாரைத் திட்டுற?”

“என்னையேதான் அண்ணி. வெட்ட வேண்டியத வச்சுக்கிட்டு, வைக்க வேண்டியத வெட்டிட்டேன்.”

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதையும் கைப்பேசி பேச்சில் சேர்க்கவில்லை.

4.

மறுநாள் எல்லாம் தலைகீழ். வார்த்தைகளைத் தூக்கி எறிந்தாள்; குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் தங்கியது. மென்பொருள் முன்னைவிடச் சிறுத்துப்போய், பழைய கைப்பேசியிலும் தடங்கலின்றி ஓடியது. (நானும் இந்தக் கதையில் பாதியை வெட்டியிருக்கிறேன். எதை வெட்டித் தொலைத்தேனோ!)

‘என்ன?’ சரியாக வந்தது. ‘சரி’யும் வந்தது. வலியைத்தான் சோதிக்க முடியவில்லை. வலிக்காதபோது அண்ணன் எவ்வளவு நடித்தாலும் மூவருக்கும் சிரிப்புதான் வந்தது.

5.

திங்கட்கிழமை. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“நான் போயிட்டு வரட்டுமா?”

“ம்” என்கிறார் அண்ணன்.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் போகிறாள், ஒன்றில் போகவில்லை, மூன்றாவதில்... அதை விடுங்கள். அந்த ‘ம்’மை ஏற்றுவதா இறக்குவதா இழுப்பதா என்று எழுத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை.

நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அண்ணி காத்திருக்கிறாள்.