வேறு பிள்ளைகள்

நாவுலயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அத்தை, வாசலில் நின்ற நிரஞ்சனியைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், விஜிதாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். காலையிலிருந்து இது ஐந்தாவது ஆள். நடுவீட்டில் கிடத்தியிருப்பது நிரஞ்சனியின் அம்மா இலட்சுமி. அவள் பெற்றது நிரஞ்சனி ஒருத்தியைத்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் சித்தி மகளைத்தான் கட்டிக்கொள்கிறார்கள்.

சித்தி செத்தபோது விஜிதாவுக்கு நாலு வயது. அம்மா அவளைத் தூக்கி வந்து நிரஞ்சனியின் பாயிலேயே படுக்கவைத்தாள். அன்று தொடங்கிய எரிச்சல், முப்பது வருசமாகியும் அடங்கவில்லை. கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனபிறகு இன்னும் கூடியது. போன் எடுத்தால் அம்மா, "இரு புள்ள, விஜி காலுக்கு எண்ண தேய்க்கிறா" என்பாள். கடைசி ஆறு மாதம் அம்மாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டியதெல்லாம் விஜிதாதான். அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று நிரஞ்சனிக்குத் தெரியாமலில்லை. சொல்ல வாயெடுத்தால் வயிறு எரிந்தது.

"அக்கா, இந்த பிளேன்டீயாவது குடிங்க. காலையிலருந்து ஒன்னுமே குடிக்கல."

"வேணும்னா எனக்கு எடுத்துக்கத் தெரியும்."

விஜிதா கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். போகட்டும். கட்டிப்பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும். மரண அறிவித்தல் வரட்டும். அதில் 'நிரஞ்சனியின் பாசமிகு தாயார்' என்று மட்டும்தான் இருக்கும். உக்குவளைச் சந்தி வரைக்கும் ஒவ்வொரு லைட் போஸ்ட்டிலும் யார் மகள் என்று ஊரே படிக்கும். அதற்கான வேலையை நிரஞ்சனி ஏற்கனவே செய்து வைத்திருந்தாள்.

சாவு வீடுகளுக்கு உதவும் தோட்டத்து மரணாதாரச் சங்கம் அங்கத்தவர் விவரங்களைக் கம்பியூட்டரில் ஏற்றியபோது, செயலாளர் கிஷாந்த் அவளிடம்தான் ஓடிவந்தான். அவள் கொழும்பில் பார்ப்பதும் கம்பியூட்டர் வேலைதான். ஒரு சாவு விழுந்தால், அந்தக் குடும்பத்தின் விவரத்தை எடுத்து அறிவித்தலைத் தானாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான நிரலை வரிவரியாகக் கையால் எழுதத் தேவையில்லை. தரவுத்தளத்தைக் காட்டினால் ஒரு கருவி பார்த்து எழுதிவிடும். வேண்டாத கட்டங்களை மட்டும் அதற்குச் சொல்லிவிட வேண்டும். கிஷாந்த் கண்டபடி கட்டம் போட்டிருந்தான்: வேறு விலாசம், வேறு போன், வேறு குறிப்பு, வேறு பிள்ளைகள். ஒவ்வொன்றாக நீக்க யாருக்கு நேரம்? 'வேறு' என்று எழுதிப் பின்னால் ஒரு நட்சத்திரம் போட்டால், அந்தச் சொல்லில் தொடங்கும் அத்தனையையும் கருவி விட்டுவிடும்.

நட்சத்திரத்தைப் போடுமுன் ஒரு கணம் கை நின்றதும் உண்மைதான். எடுத்து வளர்த்த விஜிதா வேறு பிள்ளைதானே, வேறு எங்கே இருப்பாள்? கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்காமல் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. அது நடந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. சங்கத்தில் அதற்குப்பிறகு விழுந்த முதல் சாவு அம்மாவுடையது.

பத்து மணிக்குக் கிஷாந்த் வந்தான். "நேத்து ராவே அடிச்சி ரோட்டுல எல்லாம் ஒட்டியாச்சுக்கா. வூட்டுக்கு ஒன்னு."

நிரஞ்சனி வாங்கிப் பார்த்தாள். காலஞ்சென்ற பொன்னையாவின் அன்பு மனைவியும் விஜிதாவின் பாசமிகு தாயாருமாவார். அதற்குக் கீழே பிற்பகல் மூன்று மணி, தோட்ட மயானம். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"யாருடி இந்த விவரத்த குடுத்தது?" அவள் போட்ட சத்தத்தில் அத்தையின் ஒப்பாரியே நின்றுவிட்டது. "பெத்த மக நா இங்க நிக்கிறேன். எங்கடி எம்பேரு?"

விஜிதா தாளை வாங்கிப் படித்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. "சத்தியமா நா ஒன்னுமே குடுக்கலக்கா."

"யாருமே குடுக்கல," என்றான் கிஷாந்த். "கம்பியூட்டர் குடுத்தத அப்பிடியே அச்சுக்கு அனுப்பினேன்."

"அப்பறம் எப்பிடி இவ பேரு மட்டும் வந்துச்சு?"

"அவங்க இந்த வூட்டு சங்கக் கார்டுல பிள்ளைன்னு இருக்காங்க. கல்யாணம் கட்டிப் போன பொம்பளப் புள்ளைங்கள நாங்க 'வேறு பிள்ளைகள்'லதானே போடுவோம்? அவங்களுக்குப் புருசன் வூட்டுக் கார்டு. சங்கத்துல எப்பவும் அப்பிடித்தானேக்கா."

நிரஞ்சனி உள்ளே போய்ப் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 'வேறு' என்று நட்சத்திரம் போட்ட அந்த ஒற்றை வரி அங்கேதான் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். அம்மாவின் பெயருக்கு நேரே, அவள் இதுவரை திறந்து பாராத கட்டம் திறந்தது.

'நிரஞ்சனி. மூத்த மகள். கொழும்பு. நோட்டீசில் இவள் பெயர் முதலில் வரவேண்டும்.'

பின்னால் நின்ற கிஷாந்தும் படித்தான். "அம்மா சொல்லித்தான் எழுதினேன். ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கி, "அந்தக் கட்டம் எப்பிடிக்கா விட்டுப்போச்சு?" என்றான்.

"தேவையில்லாததோட சேந்து போயிருச்சு."

அவன் மேலே கேட்கவில்லை. விஜிதாவும் கேட்கவில்லை. அது நிரஞ்சனிக்கு இன்னும் வலித்தது. இந்த நேரத்திலும் இவளுக்கு எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடிகிறது என்று அதற்கும் பொறாமை வந்தது.

"திரும்ப அடிக்க முடியுமா கிஷாந்த்?"

"இன்னைக்கி போயா லீவு. ஒரு அச்சுக் கடையும் தொறக்காது."

விஜிதா அலுமாரிக்குப் பின்னால் துழாவி ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவோடு வந்தாள். "கையால எழுதிருவோம்க்கா. நானும் வாறேன்."

வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத பாதை வளைவில், முதல் போஸ்ட்டில் தாள் காற்றில் படபடத்தது. விஜிதா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தாள். நிரஞ்சனி மூடியைக் கழற்றினாள்.

"மேல எழுதுங்க. அம்மா சொன்ன மாதிரி."

நிரஞ்சனி தாளை மேலும் கீழும் பார்த்தாள். மேலே அப்பாவின் பெயர் நெருக்கிக்கொண்டு நின்றது.

"எடமில்லடி," என்றாள்.

விஜிதாவின் பெயருக்குக் கீழே ஒரு விரல் அகலம் வெறுமையாக இருந்தது. அங்கே எழுதினாள். விஜிதா ஈரம் காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் அடுத்த போஸ்ட்டுக்கு நடந்தார்கள்.