துணிமேல் முதலில் வந்தவர்

1

இந்தக் கதை ஒரு தத்துக்கிளியால் வந்தது. கனவில் வந்தது, கடல்காற்று காதில் ஓதியது என்றெல்லாம் புருடா விட எனக்கு வராது.

ஃபுவாதினோ வீட்டில் உட்கார்ந்து வேறொரு கதை எழுதப் பார்த்துக்கொண்டிருந்தேன். (கப்பல் சமையல்காரர் ஒருவரின் காதல். செத்த கதை, விடுங்கள்.) வெள்ளைத்தாள் வெள்ளையாகவே கிடந்தது. எங்கிருந்தோ ஒரு தத்துக்கிளி குதித்து அதன் நடுவில் உட்கார்ந்தது. தட்டிவிடக் கையை ஓங்கினேன். பக்கத்தில் மரப்பட்டை அடித்துக்கொண்டிருந்த ஃபுவாதினோ சட்டென்று நிறுத்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு. யாருன்னு கேட்டியா?"

"தத்துக்கிளிகிட்டயா?"

"வெள்ளையா விரிச்சு வெச்சது நீ. முதல்ல வந்தது அது. ஒரு வார்த்தை கேக்காம தட்டிவிட்டா என்ன அர்த்தம்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். அதற்குள் தத்துக்கிளி போய்விட்டது. அதன்பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "எழுதுறதா இருந்தா முடிச்சு எழுது. அந்தரத்துல விட்டுட்டுப் போகாதே" என்றாள்.

சமோவாவில் இருக்கும் இந்தச் சவாயி தீவுக்கு வாத்தியாரம்மாவாக வந்து இங்கேயே ஒட்டிக்கொண்டவள் நான். இந்த ஊர் என்னிடம் எந்த வேலை கொடுத்தாலும் முடித்துத்தான் கொடுத்திருக்கிறேன். இதை முடிக்க முடியவில்லை. அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

2

முதல் தொடக்கம்: பெனியமினாவின் படகு மட்டும் திரும்பி வந்தது.

நல்ல வாக்கியம்தான். ஆனால் இப்படித் தொடங்கினால் அலை, புயல், சுறா என்று நீங்களே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். அன்றைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்ததாம்.

இரண்டாம் தொடக்கம்: சமோவாவின் பாரம்பரியக் கைவினைகளைக் கற்றுக்கொள்ளும் ஆர்வத்துடன் வந்திறங்கிய கிரேம் என்ற பயணி, அங்குள்ள மக்களின் விருந்தோம்பலில் மனம்

வேண்டாம். விமானத்தில் சீட்டின் முதுகில் செருகியிருக்கும் புத்தகம் மாதிரி இருக்கிறது.

மூன்றாம் தொடக்கம்: அடிப்பதை நிறுத்தின பிறகும் ஒரு தட்டு கேட்டது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அடிப்பதை நிறுத்தின பிறகும் ஒரு தட்டு கேட்டது. ஃபுவாதினோ கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். அது மடியில் கிடந்தது.

அவள் செய்வது சியாப்போ*. பட்டையைப் போட்டு அடிப்பதற்கு ஒரு நீளமான மரத்துண்டு. அதன் இந்த முனையில் அவள் உட்காருவாள். பட்டை உரித்துக் கொண்டுவந்து போடுவது தம்பி பெனியமினாவின் வேலை. போட்டுவிட்டு "அக்கா, இந்தா" என்று சொல்லமாட்டான். இந்த ஊரில் வளர்ந்த ஆண்பிள்ளை அக்காள் தங்கை முகத்தைப் பார்த்து வாயடிக்கமாட்டான். ஒரே பாயில் உட்காரமாட்டான். கண்ணை ஏறெடுக்கமாட்டான். அது பயமில்லை, மரியாதை. அதனால் மரத்தின் அந்த முனையில் விரல்முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டுவான். பட்டை வந்துவிட்டது என்று அர்த்தம். அவளும் திரும்பிப் பார்க்காமல் "ம்" என்பாள். சின்ன வயதிலிருந்து இருவருக்கும் இடையில் இருந்த பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்.

படகு மட்டும் திரும்பி வந்த பிறகும் அந்தத் தட்டு நிற்கவில்லை. அவள் நிறுத்துவாள், ஒரு தட்டு கேட்கும். திரும்பினால் பட்டையும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டான்.

"மரம் காயுது, வெடிக்குது" என்றான் அவள் கணவன் மாலாக்கி.

"இன்னைக்கு மழை பெஞ்சுது" என்றாள் அவள்.

உடல் கிடைக்காதவர்களுக்கு நம் பக்கம் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பார்கள். இங்கே காத்திருப்பார்கள். கரையில் ஒரு சியாப்போவை விரித்து, சுற்றி உட்கார்ந்து, பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதலில் எந்த உயிர் துணிமேல் ஏறுகிறதோ, எறும்போ, நண்டோ, பல்லியோ, அதுதான் அவன். அப்படியே சுருட்டி வீட்டு வாசலில் புதைத்துவிட்டால் அடங்கிவிடுவான். இல்லாவிட்டால் அலைவான். போதகருக்குப் பிடிக்காத பழைய வழக்கம். கேட்டால் துணி காயப்போட்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஃபுவாதினோ தம்பிக்காக ஒரு பெரிய சியாப்போ செய்தாள். அதில் சாயத்தால் பூவும் வரையவில்லை, இலையும் வரையவில்லை, வெள்ளையாகவே விட்டாள். வேலை முழுக்க அந்தத் தட்டு கேட்டுக்கொண்டே இருந்தது.

* மல்பெரி மரத்தின் உள்பட்டையைச் சிப்பியால் வழித்து, அடித்து அடித்து அகலமாக்கிச் செய்யும் துணி. நம் கண்ணுக்குத் தடித்த காகிதம் மாதிரிதான் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

இப்போது கிரேம். தெற்கே டுனீடின் என்ற ஊரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஃபுவாதினோ வீட்டுக்கு வெளியூர்க்காரர்கள் சியாப்போ பழக வருவதுண்டு. அப்படி வந்தவர்.

முதல் வரைவில் இவரை ஓர் அசட்டு ஆளாக எழுதியிருந்தேன். கேமராவைக் கழுத்தில் மாட்டி, தாரோக் கிழங்கை முகர்ந்து பார்த்து முகம் சுளிக்கிறவராக. படித்துக் காட்டினேன். ஃபுவாதினோ ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்ல மனுஷன். சொன்னா சொன்னபடி கேப்பார். அதுதான் வினையாப் போச்சு."

சரி, நல்ல மனிதர். அன்று காலை பட்டை வழித்தார், அடித்தார், பழுப்புச்சாயம் பூசினார், கைக்குட்டை அளவுக்கு ஒன்று தேற்றினார். வேலை முழுக்க ஃபுவாதினோவின் கண்ணைப் பார்த்து ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். பஸ், மழை, மூட்டுவலி, செத்துப்போன பூனை. போகும்போது அவள் மரியாதை சொல்லிக்கொடுத்தாள்.

"இங்க எங்கயாவது விரிப்பு விரிச்சு நாலு பேர் சுத்தி உக்காந்திருந்தா, நின்னுக்கிட்டே பேசக்கூடாது. செருப்பைக் கழட்டுங்க. குனிஞ்சு 'துலோ'ன்னு சொல்லுங்க, மன்னிச்சுக்குங்கன்னு அர்த்தம். அப்புறம் சம்மணம் போட்டு உக்காந்துருங்க."

அவர் அங்கேயே செய்து காட்டினார். முட்டி சடக்கென்றது. மாலாக்கி சிரித்துவிட்டான்.

5

அன்றே, வெயில் சாயும் நேரம். கரையில் துணி விரிந்திருந்தது. சுற்றி மூன்று பேர்: ஃபுவாதினோ, மாலாக்கி, லகிமாயினா சித்தி. வழக்கம் தெரிந்தவள் சித்திதான். வாயும் அவளுக்குத்தான் அதிகம்.

ஒன்றும் வரவில்லை. ஓர் எறும்பு ஓரம்வரை வந்து மீசையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனது. நண்டு ஒன்று வளையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

"உன் தம்பி எப்பவுமே லேட்டு" என்றான் மாலாக்கி.

"உன் கல்யாணத்துக்கு நீ வந்த நேரம் எங்களுக்குத் தெரியும்" என்றாள் சித்தி.

ஃபுவாதினோ மட்டும் தணிந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பெனி, வந்துருடா. வந்து படுத்துக்கடா."

தென்னைகளுக்கு நடுவிலிருந்து கிரேம் வந்தார். விரிப்பைப் பார்த்தார். சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். யாரும் வாய் திறப்பதற்குள் செருப்பைக் கழற்றினார், குனிந்தார், "துலோ" என்றார், நேராக நடந்துபோய்த் துணியின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சரியா செஞ்சேனா?"

கடைசியில் மாலாக்கிதான், "ரொம்பச் சரியா செஞ்சிட்டீங்க" என்றான்.

கிரேம் ஃபுவாதினோவைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பினார். பாதிச் சிரிப்பில் முகம் மாறியது. எதையோ மறந்துவிட்டவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார். பிறகு கண்ணைத் தாழ்த்தித் துணியைப் பார்த்தார். அப்படியே இருந்தார். காலையெல்லாம் வாய் ஓயாத மனுஷன் அதன்பிறகு தானாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஃபுவாதினோவும் தலையைக் குனிந்துகொண்டாள். குனியவேண்டும் என்று நினைத்துக் குனியவில்லை. பழக்கம்.

[இந்த இடத்தில், தீயில் கருகச் சுட்ட ஈரப்பலாக்காய் இருக்கிறதா என்று கிரேம் கேட்பதாகவும், அது பெனியமினாவுக்குப் பிடித்த சாப்பாடு என்றும் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது அந்தக் கண் தாழ்ந்தது மட்டும்தான்.]

6

அவருக்குப் புரியாத பாஷையில் மூவரும் பேசிக்கொண்டார்கள்.

"இப்ப என்ன, இவரைப் புதைக்கணுமா? டூர்ல இதுவும் சேர்த்திதான்னு சொல்லிப் பாக்கவா?" இது மாலாக்கி.

"வாயைக் கழுவு" என்றாள் சித்தி. "ஆனா முதல்ல வந்தது முதல்ல வந்ததுதான். அதுல மாத்தம் கிடையாது."

"ஒரு நண்டு வரட்டும், அதைச் சுருட்டிக்குவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"பெனிக்குத் தெரியும்" என்றாள் ஃபுவாதினோ. பிறகு தலை நிமிராமலே கிரேமிடம் கேட்டாள். "எப்பக் கிளம்புறீங்க?"

"காலைப் படகுல."

"எங்க?"

"வீட்டுக்கு."

(எந்த மொழியில் சொன்னார் என்று நான் கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். விடாமல் கேட்டுப் பார்த்தேன். ஞாபகமில்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.)

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடிந்தால் இந்த மனிதர் படகேறி, விமானம் ஏறி, பேர்கூட வாயில் நுழையாத ஒரு குளிர்ந்த ஊருக்குப் போய்விடுவார். அவரோடு தம்பியும் போய்விடுவான். அங்கே அவனைப் பெனி என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? தட்டினால் 'ம்' சொல்ல யார் இருக்கிறார்கள்?

"இதுலயே கொஞ்ச நேரம் படுத்துக்கறீங்களா? சங்கு ஊதப்போறாங்க. ஜெபம் முடியிறவரைக்கும்."

ஏன் என்று கேட்கவில்லை. முட்டிவலிக்காரர் எந்தச் சத்தமும் இல்லாமல் படுத்தார். மூன்று பேரும் துணியின் ஓரங்களை எடுத்து அவர்மேல் மூடினார்கள். முகத்தை மூடியது ஃபுவாதினோ. மூடும்போது மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதினார்கள். மாலை ஜெபத்துக்கு ஊதுகிற சங்கு. அது ஊதினால் ஊரில் ஒருவரும் அசையக்கூடாது, இருந்த இடத்தில் இருந்து கண்ணை மூடவேண்டும். நம் பக்கம் சங்கு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். அன்று அந்தக் கரையில் ஒரே சங்கு இரண்டுக்கும் ஊதியது.

துணி ஏறி இறங்கியதா? யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

7

முடிவு ஒன்று: ஜெபம் முடிந்து மறு சங்கு ஊதியதும் துணியைப் பிரித்தார்கள். கிரேம் எழுந்து உட்கார்ந்தார். ஃபுவாதினோவை நேருக்கு நேர் பார்த்து, "அருமையான அனுபவம், நல்லாத் தூங்கிட்டேன்" என்றார். தம்பி துணியில் தங்கிவிட்டான். துணியை வாசலில் புதைத்தார்கள்.

முடிவு இரண்டு: கிரேம் எழுந்தார். தலை நிமிரவில்லை. அக்காவுக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, செருப்பை எடுத்துக்கொண்டு போனார். காலையில் படகேறினார். வாசலில் புதைத்தது வெறும் துணி.

முடிவு மூன்று: துணியைப் பிரித்தார்கள். உள்ளே

சீ, மலிவு.

முதல் இரண்டையும் ஃபுவாதினோவிடம் கொண்டுபோனேன். எது நடந்தது என்று கேட்டேன்.

"அவர் எந்திரிச்ச சத்தம் கேட்டுச்சு. மணலைத் தட்டுன சத்தம் கேட்டுச்சு. என்னைப் பாத்தாரா இல்லையான்னு தெரியல."

"நீ நிமிர்ந்து பார்த்திருக்கலாமே?"

"தம்பியா இருந்தா? அவன் முகத்தை நான் எப்படிப் பாக்குறது?"

மற்ற இருவரும் பார்த்தார்கள். அதில்தான் சண்டையே.

"நேரா பாத்தாருடி. பல்லெல்லாம் தெரியச் சிரிச்சாரு" என்கிறான் மாலாக்கி.

"உன் கண்ணு எப்பவும் சோத்துமேல. அவன் தலையே நிமிரல" என்கிறாள் சித்தி.

இன்றுவரை தீரவில்லை. துணியைப் புதைத்தார்கள், அதில் சந்தேகமில்லை. கிரேம் காலையில் படகேறினார், அதிலும் சந்தேகமில்லை. அன்றிலிருந்து தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. வாசலில் அடங்கிவிட்டதால் நின்றதா, ஊரைவிட்டே போய்விட்டதால் நின்றதா, அதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

"கேட்டுக்கிட்டு இருந்தப்ப பயந்து செத்தேன்" என்றாள். "இப்ப கேக்கலைன்னு அழுகையா வருது. இங்க தூங்குறான்னு தெரிஞ்சா விட்டுருவேன். அங்க தொலைஞ்சு நிக்கிறான்னு தெரிஞ்சா திரும்பக் கூப்பிடுவேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

அதனால்தான் வெள்ளையாக எது விரிந்தாலும் அவள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். அதனால்தான் தத்துக்கிளி.

8

முடித்து எழுதச் சொன்னாள். நான் சொல்லும் முடிவை அவள் நம்பமாட்டாள், நான் அங்கே இல்லை. அதனால் நேற்று இந்தத் தாள்களை அவள் முன்னாலேயே மேசையில் விரித்து வைத்தேன். தம்பி பேரைச் சொல்லி மெல்லக் கூப்பிட ஆரம்பித்தாள். எறும்பு வரவில்லை. பல்லி வரவில்லை.

முதலில் வந்தது நீங்கள்தான்.

பயப்படாதீர்கள், கிரேமும் தெரிந்து செய்யவில்லை. விரித்திருந்தது, மரியாதையாக வந்து உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நான் பேசத் தொடங்கியதிலிருந்து நீங்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். படிக்கத்தான் குனிந்தீர்கள், எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது.

ஃபுவாதினோ எதிரில்தான் இருக்கிறாள். கட்டையை மடியில் போட்டுவிட்டாள். உங்கள் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கமாட்டாள்.

நிமிர்ந்து அவளை நேராகப் பார்க்கலாம். அப்போது நீங்கள் நீங்கள்தான், அவன் வாசலில் தூங்குகிறான், அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள். இல்லாவிட்டால் குனிந்த தலை குனிந்தபடியே, கைக்குப் பக்கத்தில் எந்த மரம் இருக்கிறதோ அதில் விரல்முட்டியால் ஒரே ஒரு தட்டு.

'ம்' என்று சொல்ல அவள் வாயைத் திறந்து வைத்திருக்கிறாள்.