ஜாய்ஸ் சொன்ன வணக்கம்

திருவையாற்றில் இருந்த அந்த உழவர் சேவை அறக்கட்டளையில் பென்டிரைவ் என்று யாராவது வாயைத் திறந்தாலே இசைவாணி முறைப்பாள். கணினிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. ஆன்டிவைரஸ் உண்டு, ஃபயர்வால் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே அவள் உண்டு. அலுவலகத்தில் அவளுக்கு எல்லைச்சாமி என்று பட்டப்பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

அந்த எல்லைச்சாமிதான் தன் கையாலேயே வினையைக் கொண்டுவந்து செருகினாள்.

ஜாய்ஸ் இறந்து ஓராண்டாகியிருந்தது. விவசாயிகள் தொலைபேசியில் கேட்கும் அறிவிப்புகளை எட்டு வருடம் பேசியவள். யார் அழைத்தாலும் முதலில் அவள் குரல்தான் வரும்: "வணக்கமுங்க, ஜாய்ஸ் பேசுறேன். வயலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கேளுங்க." அவள் போன பிறகும் அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அவள் கணவர் மரியஅந்தோணி தினமும் காலையில் அந்த எண்ணை அழைத்து, வணக்கத்தைக் கேட்டதும் வைத்துவிடுவார். ஃபோனிலேயே பதிந்து தரட்டுமா என்று இசைவாணி ஒருமுறை கேட்டாள். "கூப்பிட்டா எடுக்குறால்ல, அது போதும்மா" என்றுவிட்டார்.

நினைவஞ்சலிக்கு ஃப்ளெக்ஸ் வைக்க எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஊரில் பாதிப் பேரின் பென்டிரைவ் போய்வந்த கடையிலிருந்து டிசைன் ஒரு பென்டிரைவில் வந்தது. ஜாய்ஸ் அக்கா படம்தானே, பெரிய திரையில் பார்த்துவிடலாம் என்று இசைவாணி தானே பென்டிரைவுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டு, ஜாய்ஸின் பதிவுகளெல்லாம் இருந்த சர்வரிலேயே செருகினாள். ஆன்டிவைரஸ் பச்சை டிக் காட்டியது. மறுநாள் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. மாலையில் கழற்றி வைக்கவேண்டிய பேக்கப் டிஸ்க்கும் அதிலேயே மாட்டிக் கிடந்ததால் அதுவும் போயிற்று. சென்னையிலிருந்து வந்த நிபுணர் மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டுக் கையை விரித்தார்.

நான்காம் நாள் மரியஅந்தோணியே வந்து நின்றார். காலில் நாற்றங்கால் சேறு காயவில்லை.

"லைனே போகமாட்டேங்குதும்மா. எப்ப சரியாகும்?"

மழுப்பியிருக்கலாம். இசைவாணியால் முடியவில்லை.

"இனிமே வராதுங்கண்ணே. அக்கா பேசுன எல்லாமே அழிஞ்சுபோச்சு. ஃப்ளெக்ஸ் படம் இருந்த பென்டிரைவை நான்தான் போட்டேன். அதுல வைரஸ் இருந்துச்சு. என்னாலதாண்ணே." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அவளுக்காகத்தானம்மா செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். ஜாய்ஸ் சொன்ன வணக்கத்தைத்தான் சொல்லிப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பத் திரும்பச் சொன்னார்.

"வார்த்தையெல்லாம் வருதும்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "குரல்தான் என் குரலாவே வருது."