கேரியரைப் பிடித்திருந்த கை

நொச்சிவலசில் சைக்கிள் பழகும்போது பிடித்துக்கொண்டு ஓடி வந்தவரின் கை, பழகி முடித்த பிறகும் சைக்கிளிலேயே இருந்துவிடும். பிடித்தவர் வீட்டுக்குப் போவார், பிள்ளை பெறுவார், தலை நரைப்பார். கை மட்டும் அங்கேயே இருக்கும். பழைய சைக்கிளை விற்றுப் புதிது வாங்கினால் கையும் மாறிக்கொள்ளும். ஊருக்குள் சுற்ற இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கை உள்ள சைக்கிள் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டாது.

ரங்கநாயகிக்கு நாற்பத்தாறு வயதில் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகும் ஆசை வந்தது. முழங்கால் இந்த வருஷம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, அடுத்த வருஷம் கேட்குமோ என்னவோ என்று கணவர் தண்டபாணியிடம் சொன்னாள். அவள் சைக்கிளில் இரண்டு கைகள் இருந்தன. ஹேண்டில்பாரில் பள்ளித்தோழி கலாமணியின் இடது கை. கேரியரில் அண்ணன் சென்னிமலையின் வலது கை.

கலாமணி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். இருவரும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றுமில்லை, சோம்பல்தான். "விட்டுரு கலா, ஊருக்குப் போறேன்" என்றதும் கை அவளிடம் போய்ச் சேர்ந்தது. கலாமணி முதல் காரியமாகக் கொண்டையை அவிழ்த்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டினாள். அப்புறம் பொழுது சாயும்வரை இருவரும் வாய் ஓயவில்லை.

அண்ணன் விஷயம் அப்படியல்ல. ரங்கநாயகியின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அவளாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை என்று முறைத்துக்கொண்டார் என ஊர் சொன்னது. அவளும் நம்பினாள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்காகக் கையோடு என்ன பகை? செவ்வாய், வெள்ளி தவிர்த்து நகம் வெட்டிவிடுவாள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்ப்பாள். மழை வந்தால் பாலிதீன் பை மாட்டுவாள். ஒருமுறை கை அனலாகக் கொதித்தது. அது தணியும் மட்டும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு, கணவரோடு அண்ணனின் தோட்டத்துக்குப் போனாள். அவர் இடது கையால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வா அம்மிணி. வாங்க மாப்ள."

"அண்ணா, கைய விட்டுருங்க. கன்னியாகுமரி போறனுங்க."

"இதச் சொல்ல உனக்கு இத்தன வருசமா?" என்றார் அவர். "பழகறப்ப விட்டுறாதீங்கண்ணா, விட்டுறாதீங்கண்ணான்னு கத்துன. அப்பறம் ஒருநாளாவது விடச் சொன்னயா? கைகோர்வைச் சீருக்குப் பொண்ணோட அண்ணன் மாப்பிள்ளையோட வலது கையக் கோத்து உக்காரோணும். நான் எந்தக் கையோட கல்யாணத்துக்கு வர்றது?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

ரங்கநாயகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கை கேரியரை விட்டது. சென்னிமலை அதைத் தொட்டித் தண்ணீரில் கழுவித் துடைத்தார். தண்டபாணியை எதிரே உட்காரவைத்துக் கை கோத்துக்கொண்டார். அண்ணி அரிசி கொண்டுவந்து தூவினாள். மத்தியானச் சாப்பாட்டில் வலது கைக்கு வாய் இருக்கும் இடம் மறந்துபோயிருந்தது. முதல் கவளம் கன்னத்தில் இடித்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவருந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடிந்ததும் புறப்பட்டாள். எல்லைக்கல் வரை அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார். "விட்டுட்டேன் அம்மிணி! திரும்பிப் பாக்காத, மிதி!" என்று கத்தினார். சைக்கிள் பழகும் எல்லோரையும் போல அவளும் திரும்பிப் பார்த்தாள். சென்னிமலை நின்று இடது கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வலது கை கேரியரில் இருந்தது.

கை உள்ள சைக்கிள் எல்லைக்கல்லைத் தாண்டாது. ஆகவே கல் அவளுக்கு முன்னால் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் ஒட்டன்சத்திரம் நொச்சிவலசுக்குள் வந்தது. மறுநாள் திண்டுக்கல் வந்தது. கடல் ஊருக்குள் வந்தபோது செவ்வாய்க்கிழமை. கைக்கு நகம் வளர்ந்திருந்தது. ரங்கநாயகி நகவெட்டி கொண்டுவந்திருந்தாள். புதன்கிழமை வரை பொறுத்திருந்து வெட்டிவிட்டாள்.