அனு காட்டிய துறைமுகங்கள்

யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் ஒரு நான்காம் மாடி வீட்டில் தனியாக இருக்கும் ராதாமணிக்கு மத்தியதரைக் கடலின் துறைமுகங்கள் ஓரளவு பழகிவிட்டன. மகள் அனு அந்தக் கடலில் சுற்றும் ஒரு பெரிய சுற்றுலாக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். கப்பல் கரை தொடும் நாளில் அவளுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். உடனே இறங்கி, கைப்பேசியை முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு ஊர் காட்டுவாள். மார்செயில் மீன் விற்கும் பெண்கள், பலேர்மோவில் எலுமிச்சை அடுக்கிய தள்ளுவண்டி, வலெட்டாவில் கடலை நோக்கி இறங்கும் படிகள். ராதாமணி தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பார்ப்பாள். எதிரில் யாரோ உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

"அந்தக் கோயிலுக்குள்ள போய்க் காட்டேன்டி" என்பாள். அது மாதா கோயில். சாமி எந்த ஊரில் இருந்தாலும் சாமிதான் என்று கையெடுத்துக் கும்பிடுவாள்.

பேச்சு முடிந்ததும் வீடு முன்பைவிடப் பெரிதாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பல் நேப்பிள்ஸில் நின்றது. இன்னொரு வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவதா வேண்டாமா என்று அனு அன்றைக்குள் கப்பலில் சொல்லியாக வேண்டும். "நீ சொல்றபடி செய்றேம்மா" என்று சொல்லியிருந்தாள். ராதாமணி முடிவு செய்துவிட்டாள். உலகமெல்லாம் பார்க்கிற பெண்ணை இந்த வெயிலுக்கும் இருட்டுக்கும் இழுத்து வரக் கூடாது. சிரித்த முகத்தோடு 'போடு' என்று சொல்லிவிட வேண்டும். காலையில் விளக்கின் முன் நின்று அந்த ஒரு சொல்லுக்குத்தான் பலம் கேட்டாள்.

மத்தியானம் போன மின்சாரம் திரும்பி வரவில்லை. கைப்பேசி அணைகிற நிலையில் இருந்தது. அனு எப்போதும் ஆறரை மணிக்குத்தான் அழைப்பாள். ஐந்து மணிக்கு ராதாமணி பால்கனிக் கயிற்றில் தொங்கும் பையில் கைப்பேசியைப் போட்டுத் தெருவுக்கு இறக்கினாள். கீழே டீக்கடை வைத்திருக்கும் பீர் முகைதீனிடம் பெரிய பேட்டரி இருந்தது. தெருவில் யார் கேட்டாலும் சார்ஜ் போட்டுக் கொடுப்பார்.

"பாய், ஆறு மணிக்கு மேல ஏத்தி அனுப்பிடுங்க. அனு கூப்பிடுவா!"

"மெதுவாச் சொல்லுங்கக்கா, டீயெல்லாம் ஆடுது!"

அன்று விடியற்காலையில் ஐரோப்பாவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். வருடம் முழுக்க ஒரே நேரத்தில் ஓடும் யாங்கோனில் இருக்கிற ராதாமணிக்கு அது எப்படித் தெரியும்? அனுவின் அழைப்பு ஒரு மணி நேரம் முன்னதாக, ஐந்தரைக்கே வந்துவிட்டது.

ஐந்தரை தாண்டித் துணி எடுக்கப் பால்கனிக்கு வந்தவள் கீழே பார்த்தாள். பீர் முகைதீன் அவளுடைய கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி தெருவில் நடந்துகொண்டிருந்தார். செருப்புக்கூடப் போடாமல் நான்கு மாடியும் இறங்கி ஓடினாள்.

அவர், மொஹிங்கா மீன்சாறு விற்கும் டோ வின்னின் வண்டியருகே நின்றிருந்தார். பின்னால் வந்து கையை நீட்டப் போனவள், மகளின் குரலைக் கேட்டு நின்றாள்.

"சட்டியைக் காட்டுங்க மாமா. ஆவி வருதா?"

"வருது. டோ வின் உன்னைத் திட்டுறாங்க, இளைச்சுட்டியாம்."

"அந்தக் கறுப்பு நாய் இருக்கா?"

"இருக்காவா? கடையே அதோடதுதான், நான்தான் வேலைக்கு இருக்கேன்."

அனு சிரித்தாள். பிறகு, "பஸ் வர்ற பக்கம் திருப்புங்க. கொஞ்ச நேரம் அப்படியே பிடிங்க" என்றாள்.

"நீ நிக்கிற ஊரைக் காட்டேம்மா."

"அம்மாவுக்கு ஊர் பாக்கப் பிடிக்கும், அதான் நடக்கிறேன் மாமா. ராத்திரியெல்லாம் கால் வலி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

பீர் முகைதீன் திரும்பினார். ராதாமணியைப் பார்த்ததும் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, கடையிலிருந்து ஒரு குட்டை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"அனு, முதல்ல எங்கேயாவது உக்காரு."

"அம்மா! இங்க ஒரு கோட்டை இருக்கு, நீ பாக்கணும்..."

"கோட்டை எங்கேயும் ஓடிடாது. உக்காருடி."

அனு ஒரு கல்சுவரில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள். இரண்டு குதிகால்களிலும் பிளாஸ்திரி. இத்தனை துறைமுகங்கள் பார்த்தும் ராதாமணி அந்தப் பாதங்களைப் பார்த்ததில்லை.

"உனக்கு என்ன ஆசைன்னு நான் கேக்கவே இல்லையே."

அனு கடலைப் பார்த்தாள். "வரணும்மா. ஆனா வந்தா அரசாங்கத்துல மறுபடி நாட்டை விட்டு வெளியே விடுவாங்களான்னு தெரியல. அங்க வேலையும் இல்ல."

"தெரியாதுதான்."

"நீ தனியா இல்லேன்னு எப்பவும் சொல்வே. அதான் நானும் எதுவும் சொல்லல."

"தனியாத்தான் இருக்கேன்" என்றாள் ராதாமணி. அதை மகளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "வந்துடு."

அனு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கே வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா இப்ப இருக்கிற ஒப்பந்தம் முடிய மழைக்காலம் ஆயிடும்."

"ஆகட்டும். அதுவரைக்கும் ஊர் காட்ட வேணாம். இப்படிக் காலை நீட்டி உக்காரு, போதும்."

கப்பலுக்குத் திரும்பும் வரை அனு அப்படியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதற்குள் தெருவில் இருட்டிவிட்டது.

"ரொம்ப உபகாரம் பாய்."

"போங்கக்கா, சொந்தத் தெருவைக் காட்டுறதுக்கு உபகாரமா?"

அவள் வீட்டுக்கு ஏறும்போது பீர் முகைதீன் படிக்கட்டின் அடியில் நின்று டார்ச் பிடித்தார். மூன்றாம் மாடிக்கு மேல் வெளிச்சம் எட்டவில்லை. மீதிப் படிகளை அவள் சுவரைத் தொட்டுத் தொட்டு ஏறினாள்.