மாமனார் பதிந்த உயிரினம்

தையற்காரர் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு பேர் கூண்டோடு நிற்கிறார்கள். ஓர் ஆள் தாராளமாக உட்காரக்கூடிய கூண்டு.

"உயிரினப் பதிவு ஆபீஸ்லேருந்து வரோம். வெளியிலேருந்து வந்த உயிரினம் ஒண்ணு இங்க இருக்காமே?" என்றார் மூத்தவர்.

வேறு யார், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த தையற்காரரேதான். மாமனாருக்கு அந்த அலுவலகத்தில்தான் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை. பூச்சியோ புல்லோ, உலகத்துக்கே பொதுவான ஒரே ஒழுங்கில் பதிய வேண்டும் என்பதில் மனுஷன் உடும்புப்பிடி. புது மென்பொருளை வீட்டில் பழகியவர், கண்ணெதிரே காபி குடித்துக்கொண்டிருந்த உயிரைச் சும்மா பதிந்து பார்த்தார். வகுப்பு: பாலூட்டி. இனம்: ஹோமோ சேப்பியன்ஸ். வந்த விதம்: வெளியிலிருந்து. நிலை: இன்னும் நிலைபெறவில்லை. பார்த்துவிட்டு அழித்திருக்க வேண்டிய பதிவைக் கைதவறி ஆபீசுக்கு அனுப்பித் தொலைத்துவிட்டார். நிலைபெறாத வெளி உயிரினத்தைப் பரவும் முன்பே பிடித்துவிட வேண்டும் என்பது விதி.

"ஐயா, நான் மனுஷன்!"

"அதான் பதிவுலயே இருக்கே. இனத்துல எங்களுக்குச் சந்தேகமே இல்ல," என்றார் இளையவர்.

"நிலைபெற்றதுன்னு திருத்துங்களேன் மாமா!"

மாமனார் கண்ணாடியைத் துடைத்தார். "ஆதாரம் வேணுமே. வந்த இடத்துல இனப்பெருக்கம் பண்ணியிருக்கணும்."

குழந்தைக்காக ஏங்கிக்கிடக்கும் வீடு அது. தையற்காரரின் முகம் தொங்கிப்போனது. கூண்டைவிட 'நிலைபெறவில்லை' என்ற சொல்தான் வலித்தது. சொந்த வீடு என்று நம்பி, திரைச்சீலை முதல் தலையணை உறை வரை இங்கே தைத்துப்போட்டவர் அவர். மனைவி தன் அப்பாவை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இது எங்கப்பா கட்டின வீடு. இவர் மட்டும் இங்கயே முளைச்சாரா? இவரும் வீட்டோட மாப்பிள்ளையா வந்தவர்தான்!"

மூத்தவர் உடனே புதுப் பதிவு ஒன்றைத் திறந்தார். "சார், உங்க நிலை என்ன? நீங்களே சொல்லக் கூடாது, வேற யாராவது சொல்லணும்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் கூண்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். இளையவர் கூண்டைத் திறந்தார்.

தையற்காரருக்கு உள்ளூரக் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். நாலு நாள் உள்ளே இருக்கட்டும் என்றுகூட நினைத்தார். ஆனால் விதி என்றதும் மறுபேச்சில்லாமல், வலிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாமனார் கூண்டுக்குள் குனிந்தபோது மனசு கேட்கவில்லை.

"அவர் நிலைபெற்றவர்தாங்க, எழுதிக்குங்க. ஆதாரம் வேணும்னா, அவர் பொண்ணைத்தான் நான் கட்டியிருக்கேன்."

எழுதிக்கொண்டார்கள். மாமனார் கூண்டிலிருந்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். தையற்காரரின் பதிவைத் திறந்து, 'நிலைபெற்றது' என்று திருத்தி, கீழே தன் பெயரைப் போட்டார்.

"சார், ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கே, காலியா விட்டுட்டீங்க," என்றார் இளையவர்.

மாமனார் கணினியைப் படாரென்று மூடினார்.

"ஆதாரம் என்னய்யா ஆதாரம்! என் மாப்பிள்ளைய எனக்குத் தெரியாதா?"